பால்கனி வீட்டு ஏலம்

"என்னங்க, முதல் ஆளா நான்தான் கேட்பேன். நீங்க நடுவுல வாயைத் திறக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

கோர்ட் கட்டடத்தின் பின்பக்கத்து அறை. முன் பெஞ்சில், ஏலம் போடும் அதிகாரிக்கு நேர் எதிரே இடம் பிடித்திருந்தாள் பெரியவள். பக்கத்தில் கணவர். கொஞ்ச நேரத்தில் கடனுக்காக ஏலத்துக்கு வரப்போவது அவளுடைய சொந்தத் தங்கையின் வீடு.

"கூடப் பிறந்தவ வீட்டை நீயே ஏலத்துல எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார் கணவர் மெதுவாக.

"யாரோ ஒருத்தன் எடுக்கப்போறதை நான் எடுக்கறேன். அதுல என்ன குத்தம்?"

குத்தம் என்னவென்று அவளுக்கே தெரியும். சின்ன வயதில் அவளுக்குப் பத்தாமல் போன சட்டையெல்லாம் தங்கைக்குப் போகும். 'சின்னவ போட்டாதான் இந்தச் சட்டைக்கே அழகு' என்பார்கள் வீட்டில். அது இன்னும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு அப்புறமும் அதே கதைதான். இவளுக்கு வாய்த்தது மழை பெய்தால் சுவர் ஊறும் மாமனார் காலத்து வீடு. தங்கைக்கோ மாடி, பூங்காவைப் பார்த்த பால்கனி. ஒவ்வொரு முறை போகும்போதும், 'அக்கா, காத்து எப்படி வருது பாரு' என்று அந்தப் பால்கனிக்குத்தான் இழுத்துப் போவாள்.

அந்தக் காத்தை இனிமேல் நான் வாங்குகிறேன் என்று பியூட்டி பார்லர் நடத்திச் சேர்த்த பணம் முழுவதையும் முன்பணமாகக் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

கணவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைத் தேடறீங்க? உங்க அருமை மச்சினிச்சியையா?"

"சேச்சே, சும்மா."

"சும்மாவா? அவ அழுதுட்டு வந்து நின்னா உருகிடுவீங்க. எனக்குத் தெரியாதா? ஒரு வாரமா என்கிட்ட முகம் கொடுத்தே பேசலை."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டின் விவரத்தைப் படிக்க ஆரம்பித்தார். பெரியவள் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டாள். ஆரம்ப விலையை அவர் சொல்ல வாயெடுத்த நேரம், கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வக்கீல் மூச்சிரைக்க உள்ளே வந்தார். அவர் பின்னாலேயே சின்னவள்.

வக்கீல் நீட்டிய உத்தரவை அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பை மூடினார்.

"ஏலம் கிடையாது. மேல் கோர்ட்டுல தடை வாங்கிட்டாங்க."

"அப்பீல் போட்டாலே நிறுத்திடுவீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவர் எகிறினார்.

"அப்பீல் போட்டா மட்டும் நிக்காதுங்க. தடை உத்தரவு வேணும். அது வந்தாச்சு. அப்பீல் முடியற வரைக்கும் அந்த வீட்டை யாரும் தொட முடியாது. முன்பணத்தை வாங்கிட்டுக் கிளம்புங்க."

கைக்கு எட்டின பால்கனி! பெரியவள் விறுவிறுவென்று வக்கீலிடம் போனாள்.

"என்ன சார் சொல்லித் தடை வாங்கினீங்க?"

"இவங்க கட்டின தவணையில பாதியை, கடன் கொடுத்தவங்க கணக்குல வரவே வைக்கலைம்மா. அதை மேல் கோர்ட்டு விசாரிக்கப்போகுது."

"ஜெயிக்கறது கஷ்டம்தானே?" ஆசையை மறைக்காமலே கேட்டாள்.

"கேஸ்னா ரெண்டு பக்கமும் இருக்கும்மா. ஜெயிக்கலாம், தோக்கலாம்."

"தோத்தா திரும்ப ஏலம் உண்டுதானே?"

வக்கீல் பதில் சொல்வதற்குள் சின்னவள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தோள் குலுங்க அழுதாள்.

"நீ இங்கேயும் வந்துட்டியா அக்கா! எனக்காக வந்து உட்கார்ந்திருக்கியே. இவ்வளவு செஞ்சது போதாதா?"

"நான் என்னடி செஞ்சேன்?"

"சும்மா இரு அக்கா. இன்னொரு சொத்தை ஜாமீனா வெச்சாதான் தடைன்னு ஜட்ஜ் சொன்னதும் எங்களுக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மாமாதான் உங்க வீட்டுப் பத்திரத்தோட வந்து நின்னார். 'உங்க அக்காதான் கொடுக்கச் சொல்லி அனுப்பினா'ன்னார்."

பெரியவள் திரும்பினாள். கணவர் மேலே மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பெரிய மனசும்மா உங்களுக்கு" என்றார் வக்கீல். "அப்பீல் தோத்து, அவங்க வீட்டை வித்தும் கடன் அடையலைன்னா உங்க வீட்டுல கை வைப்பாங்க. தெரிஞ்சே கொடுத்திருக்கீங்க."

பெரியவள் தங்கையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அந்தப் பால்கனி வீடு தங்கையிடமே இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக, மனமுருகி வேண்டிக்கொண்டாள்.