விற்பனைக்குப் பதிந்த கார்

விற்பனைக்குப் பதிந்துவிட்டால் கார் எதையும் மறைக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் ஜெரால்டும் அவன் மனைவி ரோஸ்லினும் பழைய கார் கடையில் நின்ற ஒரு செடானுக்குள் உட்கார்ந்து, அதையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

“முன்னாடி வச்சிருந்தவர் எப்படி?” என்றாள் ரோஸ்லின்.

“நிதானமா ஓட்டுவார். மனைவியை இறக்கிவிட்டதும் ஓரமா நிறுத்தி அழுவார்,” என்றது கார்.

ஜெரால்டு சட்டெனக் கதவைத் திறந்தான். “இது வேண்டாம், போயிருவோம்.”

“ஏங்க? வண்டி நல்லாத்தானே இருக்கு? நம்ம பழசையும் காலையிலேயே பதிஞ்சாச்சு.”

“அதையும் வாபஸ் வாங்கிருவோம்.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு இறங்கிப் போய், வாசலில் நின்ற தங்கள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெரால்டு ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினான்.

“அதுகிட்டக் கேக்காத ரோஸ். ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்கன்னு நானே சொல்லுறேன்.”