ஒருநாள்கூடத் தவறாதவள்

தினமும் காலை ஏழு மணிக்குள் போனில் 'காத்திருக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஒருநாள் மறந்தாலும் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். வயதுவந்தவர்களின் கவனக்குறைபாட்டு நோயைப் பரிசோதிக்க அரசாங்கம் திறந்துவைத்திருந்த வாசல் அது ஒன்றுதான்.

ஆறு வருடம் காத்திருந்த புஷ்பராணி இன்று டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை அவளுக்கு. போன மாதம் ஒரு பெரியவருக்கு வேறொருவரின் மாத்திரையைக் கொடுத்துவிட்டாள். அவர் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. அன்றிலிருந்து ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் மூன்று முறை படித்துப் பார்க்கிறாள்.

"ஆறு வருஷத்துல ஒருநாள்கூட தவறல," என்றார் டாக்டர், திரையைப் பார்த்தபடி. "கவனக்குறைபாடு இருந்தா இது முடியாதும்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"அது நான் இல்ல டாக்டர். எங்க வீட்டுக்காரர்தான் காலையில..."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்தவங்க அழுத்தினா ஆள்மாறாட்டம். வேலையே போயிரும். நீங்கதானே அழுத்துனீங்க?"

புஷ்பராணி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "ஆமா டாக்டர்."

மேசையோர இயந்திரம் ஓர் உத்தரவைத் துப்பியது. இத்தனை கவனமான ஊழியரை வீணாக்கக் கூடாதாம். திங்கட்கிழமை முதல் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் ஊசிமருந்து அளந்து கொடுக்கும் பொறுப்பு அவளுக்கு.

வெளியே காத்திருந்த கணவர் சேவியர் எழுந்து வந்தார். "என்ன சொன்னாங்க? தாளக் குடு."

அவள் கையை நீட்டினாள். அதில் டாக்டரின் பேனா இருந்தது. தாளைக் காணோம்.