பழைய பெயருக்கும் பதில் வரும்

"அந்தப் பழைய பேரை இந்த வெர்ஷன்ல தூக்கிடலாம் மேடம். எத்தினி வருஷம்தான் சுமந்துக்கினு இருக்கிறது?"

லேப்டாப் திரையில் ஆனந்தராஜ் கொட்டாவி விட்டான். அவன் விழுப்புரம் ஆபீசில் இருந்தான். அவள் திண்டிவனத்தில், வீட்டில் இருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பால் சொசைட்டிகளில் இருக்கும் கருவிகள் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், கணக்குப் போட்டுப் பதில் தரும் மென்பொருள் அவர்களுடையது. நாளைக்குப் புதிய பதிப்பு போகிறது.

"தூக்கினா கண்டாச்சிபுரம் பக்கம் இருக்கிற பழைய மெஷினெல்லாம் காலைல முழிச்சிக்கினு நிக்கும் ஆனந்த். பால்ல கொழுப்பு எவ்ளோன்னு கேக்க அதுங்களுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு பேருதான்."

"புதுப் பேர்ல கேக்கச் சொல்லி மாத்திட வேண்டியதுதானே?"

"யாரு மாத்துறது? அந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதின கம்பெனியே மூடியாச்சி. புதுசா எதையும் அதுக்குச் சொல்லித்தர முடியாது. கேன் தூக்கிக்கினு வர்றவங்களுக்குத்தான் பேஜாரு."

"சரி, நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

"பழைய பேரு இருக்கட்டும். உள்ள வேலை செய்யறது புதுசா இருக்கட்டும். அந்தப் பேர்ல கூப்பிட்டா இது பதில் சொல்லிடும். பழசு எப்படிச் சொல்லுமோ, அதே மாதிரி. கூப்பிடுறதுக்கு வித்தியாசமே தெரியக் கூடாது."

ஆனந்தராஜ் சிரித்தான். "பாவம் மேடம் அந்தப் புதுசு. அதுக்குன்னு அழகா ஒரு பேரு வெச்சோம். அதை ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க போல."

அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையில் இருமல் கேட்டது. சட்டென்று மைக்கை அணைத்தாள்.

"செண்பகம்!"

"தோ வர்றேன்ப்பா!"

யோசிக்காமலே வந்தது குரல். பக்கவாதம் வந்ததிலிருந்து விருத்தாசலத்துக்கு மகள் வீட்டில்தான் படுக்கை. கண் மங்கல். பழையதெல்லாம் பத்திரமாக இருந்தது. புதிதாக எதைச் சொன்னாலும் தங்கவில்லை. மறுபடி சொன்னால் முதல்முறை கேட்பவர்போலத் துடித்துப்போவார். அதனால் சில சேதிகளை அவரிடம் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள்.

மைக்கைத் திறந்தாள்.

"இருக்கீங்களா மேடம்? பழைய பேரு இருக்கட்டும், விட்டுடறேன். எத்தினி நாளைக்குன்னு மட்டும் சொல்லுங்க. மேனேஜர் கோதண்டபாணி சார் கேப்பாரு."

"கூப்பிடுற மெஷின் நிக்கிற வரைக்கும்."

சொல்லக் கூடாத ஒன்றை, ஆசைப்படக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டதுபோல் இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு, சுடிதாரைக் கழற்றிப் புடவையைச் சுற்றிக்கொண்டாள். அப்பா முன்னால் எப்போதும் புடவைதான்.

கேப்பைக் கூழில் மோர் ஊற்றிக் கரைத்தாள். சின்ன வெங்காயத்தை நசுக்கித்தான் போட வேண்டும். ஒருநாள் அவசரத்தில் நறுக்கிப் போட்டபோது, "இன்னாடி இது, யாரோ செஞ்ச மாதிரி இருக்குது" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். அன்றைக்கு அடுப்படியில் நின்று வெகுநேரம் அழுதாள். அதற்கப்புறம் தப்பு செய்யவில்லை.

"மாப்ள சாப்ட்டாரா?"

"சாப்ட்டுதான் கெளம்பினாருப்பா. நீ வாயத் தொற."

நாலு வாய் குடித்தவர், ஸ்பூனோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணோரம் ஈரம்.

"செண்பகம், உன் தங்கச்சிக்கு என் மேல என்னாடி கோவம்? நான் இங்க வந்து எத்தினி நாளாச்சி, ஒரு தபா எட்டிப் பாக்கல. சின்னவ கொரலைக் கேக்கணும் போல இருக்குது. போன் போட்டு வரச் சொல்லேன்."

அக்கா செண்பகத்தின் மாலை போட்ட படத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அவள் இடத்தில் மாமாவுக்குக் கழுத்தை நீட்டி இந்த வீட்டுக்கு வந்து, அவள் குரலிலேயே பேசப் பழகியிருந்த கலைப்பிரியா, அப்பாவின் வாயோரத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"சொல்றேன்ப்பா. அவளுக்கு வேலை ஜாஸ்தி. வருவா."