கல்கத்தாவில் வாங்கிய நாற்காலி

"இது நம்ம நாற்காலி இல்ல, ருக்கு. அந்த ஆள் மாத்திட்டான்."

பாலசுப்பிரமணியம் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இருக்கையின் பிரம்பு அறுந்துபோயிருந்தது. அதைப் புதிதாகப் பின்னி, முந்தின நாள்தான் ஊருக்கு வெளியே சிப்பிகாட் கிராமத்திலிருந்து தச்சர் ஜம்புலிங்கம் அனுப்பிவைத்திருந்தார்.

போன வருஷம் போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்தபோது, கல்கத்தாவில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் ஒரு பெரிய கடையில் ஆசைப்பட்டு வாங்கிய நாற்காலி அது. டென்மார்க்கில் செய்தது என்று கடைக்காரர் சொன்னார். மெலிந்த கால்கள். மருந்துக்குக்கூட ஒரு பூவேலை கிடையாது. கை வைக்கும் இடம் மட்டும் துடுப்பு மாதிரி வழவழவென்று வளைந்திருக்கும். ஆபீசிலிருந்து வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்க்காமல் போனதில்லை.

இப்போது அதன் அடிச்சட்டத்தில், உள்பக்கமாக, உளியால் வெட்டிய சின்ன ‘ஜ’ ஒன்று தெரிந்தது. டென்மார்க்காரனுக்குத் தமிழ் எழுத்து எங்கிருந்து வந்தது? பேனாக்கத்தியால் ஓர் ஓரத்தைச் சுரண்டினார். கறுப்புப் பாலிஷுக்கு அடியில் ரத்தச் சிவப்பு. அந்தமான் காட்டுப் படாக் மரம்.

பின்னல் வேலை செய்ததற்காகப் பேரை வெட்டியிருப்பார் என்றாள் ருக்கு. பேரை வெட்டினால் மரமுமா மாறும் என்று கேட்டார் அவர். யோசிக்க யோசிக்க எல்லாமே இடித்தது. நாற்காலியை எடுத்துப்போக வந்த அன்று ஜம்புலிங்கம் அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். என்ன பார்க்கிறாய் என்று கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. நாலு நாளில் தருவதாகச் சொன்னவர் மூன்று வாரம் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, கூலியே வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். எந்தத் தச்சன் கூலி வேண்டாம் என்பான்?

பாலசுப்பிரமணியம் தெரிந்தவரிடம் ஜீப் கேட்டு, நாற்காலியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கோபத்தில் என்ன செய்வாரோ என்று ருக்குவும் ஏறிக்கொண்டாள்.

ஜம்புலிங்கத்தின் பட்டறையில் நுழைந்ததுமே அவருடைய சந்தேகம் உறுதியாகிவிட்டது. அதே வளைவு, அதே ஒல்லிக் கால்களோடு ஐந்தாறு நாற்காலிகள் வரிசையாக நின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. ருக்குதான் விசாரித்தாள். கை அகலமாக இருப்பது ஒரு வங்காளிக் குடும்பத்துக்கு. டீ கிளாஸ் வைக்க இடம் வேண்டுமாம். கையே இல்லாதது, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு. தாழ்ந்து அகன்றிருப்பதில் சம்மணம் போட்டு உட்காரலாம். ஒல்லிக் காலை நம்பாத தெலுங்குக் காண்டிராக்டர் ஒருவருக்காக ஒன்றில் மட்டும் கால் தடித்திருந்தது.

"என் நாற்காலி எங்க?" என்றார் பாலசுப்பிரமணியம்.

"நீங்க குடுத்தது இதான், சாப்," என்றார் ஜம்புலிங்கம். அப்பா காலத்தில் காடு வெட்ட வந்த குடும்பம். பேச்சில் பாதி இந்தி கலந்திருக்கும்.

மூன்று வாரம் வைத்து அளவெடுத்து ஊருக்கெல்லாம் நகல் செய்துவிட்டு, எனக்கும் ஒரு நகலைத் தள்ளிவிட்டாயா என்று கேட்டார் பாலசுப்பிரமணியம். ஜம்புலிங்கம் சுவரைக் காட்டினார். பூச்சி அரித்த பத்திரிகைத் தாள் ஒன்று அங்கே ஒட்டியிருந்தது. எப்போதோ பழுது பார்க்க வந்து நின்ற வெளிநாட்டுக் கப்பலின் இன்ஜினீயர் விட்டுப்போனதாம். அதிலிருந்த நாற்காலிப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாராம். அப்படியானால் ரொம்ப நாளாகவே கண் வைத்திருக்கிறாய் என்றார் இவர்.

"மரியாதையா எடுத்துக் குடு. இல்லேன்னா போலீசுக்குப் போவேன். சர்க்கார் கெஸ்ட் ஹவுஸுக்கு நாற்காலி செய்ய எழுதிப் போட்டிருக்கியே, அது எங்க ஆபீஸ் வழியாத்தான் வரணும். மறந்துடாத."

வாசலில் நின்ற ஜம்புலிங்கத்தின் மனைவி மரகதத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த வேலையை நம்பித்தான் அவர்கள் உதவிக்கு வெளியூர் ஆட்களை வரச்சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அவள் தாழ்ந்த குரலில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. ஜம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாத்தியா ருக்கு? அவன் பெண்டாட்டியே சொல்லிட்டா."

ருக்கு நாற்காலியின் அருகில் உட்கார்ந்து அதன் இடது கையின் அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். பிறகு அவரைக் கூப்பிட்டு, அதே இடத்தில் அவர் விரலை வைத்தாள். அரை வட்டமாகச் சொரசொரத்தது.

"பொங்கலன்னைக்குச் சூடான பாத்திரத்த இந்தக் கைக்கு அடியில வச்சுட்டேன். பாலிஷ் பொரிஞ்சு போச்சு. நீங்க திட்டுவீங்கன்னு உங்க ஷூ பாலிஷத் தேச்சு மறைச்சேன்." அவள் எழுந்து நின்றாள். "இது நம்ம நாற்காலிதாங்க."

பாலசுப்பிரமணியம் மறுபடியும் தடவிப் பார்த்தார். ஷூ பாலிஷ் விரலில் ஒட்டியது. நாற்காலி மாறவில்லை. ஆனால் படாக் மரம்? அந்த எழுத்து?

"அப்போ இதுல உன் எழுத்து எப்படி வந்தது?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஜம்புலிங்கம் மரகதத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"மூணு வருஷம் முந்தி கல்கத்தா கப்பல் ஸ்டோர்கீப்பருக்கு நான் செஞ்சு குடுத்தது சாப், அவர் அங்க வித்துட்டார் போல. உங்க வீட்ல கவுத்துப் பாத்தப்பவே என் வேலைன்னு மாலும் ஆயிடுச்சு. சொல்லத்தான் வாயெடுத்தேன், அதுக்குள்ள நீங்க, இந்த மாதிரி செய்ய நம்ம ஊர்ல எவனுக்கும் கை வராதுன்னு சொன்னீங்க... அத இன்னொரு தரம் கேக்கணும்போல இருந்துச்சு, பேசாம இருந்துட்டேன்."