பொது வாய்மொழித் தேர்வு

ஆய்வேட்டின் மூலை அவள் கண்ணுக்குக் கீழே கிழித்தது.

முந்நூறு பக்கம். நல்ல பைண்டிங். அட்டை மடங்கக்கூட இல்லை.

"எம் பேருக்கு முன்னால இல்லாத டாக்டர் ஒனக்கு எதுக்குடி?"

அவள் கணவனும் அதே வருடம்தான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தான். இரண்டாம் இயலைத் தாண்டவில்லை.

மறுபடி ஓங்கினான். உதடு பிளந்தது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

ஏழு வருடமாகப் புடவை மறைக்கிற இடமாகப் பார்த்து அடித்தவன். கவனமான ஆள். இன்று ஆத்திரத்தில் தவறிவிட்டான்.

அவள் முகத்தைப் பார்த்து அவனே பயந்துபோனான்.

"காய்ச்சல்னு போனைப் போடு. தேர்வைத் தள்ளி வைக்கச் சொல்லு."

அவள் ரத்தத்தைக் கழுவினாள். பவுடரைத் தொடவில்லை.

பத்து மணிக்குத் துறை அரங்கில் நின்றாள். ஒரு கண் பாதி மூடியிருந்தது. முதல் வரிசையில் அவன், தேர்வாளருக்கான பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு. கணவன் போர்த்துவதுதான் அங்கே வழக்கம்.

ஆய்வுத் தலைப்பு, ‘ஸ்டர்’ என முடியும் ஆங்கிலச் சொற்கள்.

ஸ்பின்ஸ்டர், நூல் நூற்றவள். வெப்ஸ்டர், துணி நெய்தவள். ப்ரூஸ்டர், மது வடித்தவள். ஒரு காலத்தில் அந்த விகுதி உழைக்கிற பெண்ணுடையது. பிறகு ஆண்கள் தொழிலை எடுத்துக்கொண்டார்கள், பெயரையும். நூற்றவளுக்குக் கல்யாணமாகாதவள் என்ற ஏளனம்தான் மிஞ்சியது. கடைசியில் விகுதி கேங்ஸ்டரில் வந்து நின்றது.

பேசப் பேச உதடு கசிந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டு பேசினாள்.

வெளித் தேர்வாளர் குனிந்த தலை நிமிராமல் கேள்வி கேட்டார். நெறியாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

முகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் படித்தவர்கள்.

"சபையில யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார் தேர்வாளர். பொதுத் தேர்வில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். விதி அப்படி.

நாற்பது பேர். இருமல்கூட இல்லை.

டீத் தட்டோடு உள்ளே வந்த அட்டெண்டர் மரியபுஷ்பம் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏக்கா, ஒங்கள அடிச்சது யாரு?"

நெறியாளர் பதறி எழுந்தார். தேர்வாளர் அவரைக் கையமர்த்தினார். முதல் முறையாக நிமிர்ந்து, மைக் முன்னால் நின்றவளின் முகத்தைப் பார்த்தார்.

"பதில் சொல்லுங்கம்மா."

சொன்னால் இன்று வீட்டுக்குத் திரும்ப முடியாது.

மைக்கை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டாள்.