சாவி கொடுக்கும் படம்

காவேரியில் கழுத்தளவு நிற்க வைத்துக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லும் இப்பவே கொட்டிப் போகட்டும்!

பாலக்கரை வீட்டு புரோக்கர் பிச்சமுத்துவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. முந்தின நாள் பேஸ்புக்கில் போட்ட விளம்பரத்துக்கு நாலாயிரம் லைக்.

‘ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் ஜோடியாக வாழ வீடு வேண்டுமா? திருச்சியில் உங்களுக்கு நான் இருக்கிறேன்!’

வானவில் கலரில் எழுத்து. கீழே ஒரு படம். அவர் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலில் ஜகன்னாத், ஆசீர் என்ற ஜோடி சிரித்தபடி அவர் கையிலிருந்து சாவி வாங்குகிறார்கள்.

“இந்த கஸ்டமருங்க பக்கம் ஊர்ல ஒரு புரோக்கரும் தலை வெச்சுப் படுக்க மாட்டான். நான் துணிஞ்சேன் பாரு!” என்றார் ஆபீஸ் பெண் பிரேமலதாவிடம்.

“படம் போடறதுக்கு அவங்ககிட்ட கேட்டீங்களா சார்?”

“ஆறு மாசம் முன்னாடி சாவி கொடுத்தப்ப எடுத்தது. ஆபீஸ் ஃபைலுக்குன்னு சொன்னேன். நல்ல விஷயம்தானே, இதுல கேக்க என்ன இருக்கு?”

“வீட்டுக்கார மாமி பார்த்துட்டா?”

“அரவிந்தவல்லி மாமியா? குடும்பத்துக்குத்தான் வீடுன்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளைன்னு ஒரு போடு போட்டுத் தலையாட்ட வெச்சேன். அவங்க எங்க பேஸ்புக் பார்க்கப் போறாங்க?”

சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமியேதான். மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

“பிச்சமுத்து, அந்தப் படத்தை எடு. இப்பவே எடு!”

பிச்சமுத்து கண்ணைக் காட்ட, பிரேமலதா செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

“எடுக்க மாட்டேன் மாமி,” என்றார் அவர், மேடைக் குரலில். “அவங்களும் மனுஷங்கதான். தலைநிமிர்ந்து வாழட்டும். உங்களுக்கெல்லாம் தெரு என்ன சொல்லுமோன்னு பயம்!”

“தெருவுக்கு நான் என்னிக்கோ பதில் சொல்லியாச்சு.” மாமியின் குரல் தணிந்தது. “ஜகன்னாத்தும் ஆசீரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்னு நீ சொன்னதை நம்பினேன்னா நெனச்சுண்டே? பேரைக் கேட்டாலே தெரியாதா? ரெண்டு குழந்தைகளும் நடுங்கிண்டு நின்னுதுகள். பார்த்ததுமே புரிஞ்சுடுத்து. கேட்டவாகிட்டல்லாம், என் தம்பி பேரனும் அவன் சிநேகிதனும்னு சொல்லி வெச்சேன். தாயார் சந்நிதியிலே வெச்சு ஒருத்தி கேட்டா. அங்கேயும் கூசாம அதே பொய்தான்.”

பிரேமலதா செல்போனைக் கீழே இறக்கினாள்.

“அப்ப எதுக்கு மாமி எடுக்கச் சொல்றீங்க?” என்றார் பிச்சமுத்து.

“படத்துல கதவு நம்பர் தெரியறது, பிச்சமுத்து. ஜகன்னாத்தை அவன் அப்பா ரெண்டு வருஷமா தேடிண்டிருந்தார். இன்னிக்குக் காலம்பற நாலு பேரோட வந்து அடிச்சுக் கார்ல ஏத்திண்டு போயிட்டார். தடுக்கப் போன ஆசீர் பெரியாஸ்பத்திரியிலே கிடக்கான். இன்னும் கண்ணைத் திறக்கலை. ஆசீரோட ஆத்துல இன்னும் பார்க்கலை போலருக்கு. அவாளும் கிளம்பி வரதுக்குள்ளயாவது எடுத்துடுப்பா.”

மாமி ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனார்.

பிச்சமுத்து படத்தை அழிக்கத்தான் செல்போனை எடுத்தார். அதில் சந்தேகமே வேண்டாம். அதற்குள் லைக் ஐயாயிரத்தை நெருங்கியிருந்தது. மதுரையிலிருந்து ஒரு ஜோடி, தஞ்சாவூரிலிருந்து ஒரு ஜோடி, வீடு கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். விரல் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றது.

“சாயங்காலம் எடுத்துக்கலாம்,” என்று செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

எட்டு நாளாகிறது. படம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். எனக்கும் அவர்தான் வீடு பார்த்துக் கொண்டிருக்கிறார்.