எந்தக் கிரேயூசாவின் தலையில்?

கிரேக்க நாட்டுத் தோட்டம் ஒன்றில் மூன்று இளவரசிகள் சிலையாக நின்றார்கள். மூவருக்கும் ஒரே பெயர், கிரேயூசா. அவர்களில் ஒருத்தியின் கொண்டையில் ஒரு குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தது.

"கிரேயூசா தலைக்குக் கொண்டு வா" என்று புருஷனிடம் சொல்லி அனுப்பினால், அது ஒவ்வொரு தடவையும் துரும்பை வேறு தலையில் வைத்துவிட்டுப் போனது. முட்டையிட இரண்டே நாள்தான் பாக்கி.

பெண்குருவிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களை எப்படித்தான் அடையாளம் சொல்றது?"

"ஏதென்ஸ் ராஜா மகள்னு சொல்லு" என்றாள் முதலாமவள்.

"நான் டிராய் ராஜா மகள்" என்றாள் அடுத்தவள்.

கூட்டைச் சுமந்தவள், "நான் கொரிந்த் ராஜா மகள்" என்றாள்.

ஆண்குருவி துரும்பைக் கீழே போட்டது. "அந்த அப்பாக்களை நான் எங்கே போய்த் தேடுவேன்? உங்களைப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்!"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். இதுவரை யாரும் அவர்களை அப்படிக் கேட்டதில்லை.

கடைசியில் கொரிந்த்காரி மெல்லச் சொன்னாள். "எனக்கு விசிலடிக்கத் தெரியும். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அடித்தும் காட்டினாள். தலைமேல் கூடு குலுங்கியது; தோட்டமே திரும்பிப் பார்த்தது.

"எங்களுக்கும் கத்துக்கொடு!" என்றார்கள் மற்ற இருவரும்.

"முட்டை பொரியட்டும், அப்புறம் கத்துக்கோங்க!" என்று அலறின குருவிகள் இரண்டும்.